தூணுக்குப் பின்னால் நிற்பவர்கள்

தாலி கட்டுவதற்கு முன்னால் எனக்கு ஓர் இருபது நிமிடம் கிடைக்கும். தாலிக்கொடியும் கூறைச் சேலையும் வைத்த தட்டம் சபையைச் சுற்றி வந்து, பெரியவர்கள் தொட்டு ஆசீர்வதித்து முடிந்ததும், மாப்பிள்ளை கூறையை எடுத்து மணமகளின் கையில் கொடுப்பார். அவள் தோழியோடு எழுந்து உடை மாற்றப் போவாள். கூறை உடுத்து அவள் திரும்பி வரும்வரை மணவறையில் மாப்பிள்ளையும் தோழனும் மட்டும் இருப்பார்கள். நாதஸ்வரக்காரர் அதுவரை அடக்கி வைத்திருந்த ராகம் ஒன்றை எடுத்து ஆற அமர வாசிக்கத் தொடங்குவார். சபை இளகும். பிள்ளைகள் ஓடும். வெற்றிலைத் தட்டைச் சுற்றிக் காணிக் கதை தொடங்கும். வீடியோ எடுக்கும் தம்பி சோடா குடிக்கப் போய்விடுவான். நான் கமராவைத் தோளில் போட்டுக்கொண்டு மண்டபத்தின் பின்பக்கம் போவேன்.

அங்கே யாரைத் தேடிப் போகிறேன் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

யாழ்ப்பாணத்துக் கல்யாண வீடு எதிலும், மண்டபமோ வீட்டுப் பந்தலோ, களஞ்சிய அறை வாசலில் ஒரு பெண் நிற்பார். திறப்புக் கோர்வை அவரது இடுப்பில் இருக்கும். எத்தனை தேங்காய் வந்தது, எந்தத் தட்டம் யாருடையது, ஐயருக்குக் கொடுக்கும் தானத்தில் என்ன குறைகிறது என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். ஆனால் சபைக்குள் அவர் வரமாட்டார். சில வேளை அவர் பெண்ணின் பெரியம்மாவாக இருப்பார், சில வேளை மாப்பிள்ளையின் அத்தையாக. பல வேளைகளில் பெண்ணைப் பெற்ற தாயே அவர்தான். கணவனை இழந்தவர். மகளைத் தாரை வார்த்துக் கொடுக்கும் இடத்தில் சித்தப்பாவும் சின்னம்மாவும் இருக்க, வளர்த்தவர் தூணுக்குப் பின்னால் நிற்பார். கமராவைத் தூக்கினால் கையை விரித்து முகத்தை மறைப்பார். "நான் வேண்டாம் தம்பி, நல்ல காரியம் நடக்கிறது, அங்கே போய் எடும்."

முப்பது வருடப் போர் நடந்த மண்ணில் இப்படி ஒதுங்கி நிற்பவர்கள் எத்தனை பேர் என்று நான் சொல்லத் தேவையில்லை. ஒரு கல்யாணத்தில் ஒருவர் என்றால் அது குறைவு.

நான் தொழில் பழகியது 2003 இல், யாழ் நகரத்தில் ஒரு சின்ன ஸ்ரூடியோவில். எனக்குப் பத்தொன்பது வயது. முந்திய ஆண்டு ஏப்ரலில், போரில் மூடிக்கிடந்த ஏ9 வீதி, யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கும் வீதி, திறந்திருந்தது. கொழும்பிலிருந்து படச்சுருளும் அச்சுத்தாளும் தடையில்லாமல் வரத் தொடங்கியிருந்தன. ஒரு சுருளில் முப்பத்தாறு படம். ஒரு கல்யாணத்துக்கு ஐந்து சுருள் என்றால் அது வசதியான வீடு. இன்று தாலி கட்டும் ஒரு நிமிடத்துக்குள் நூறு படம் எடுத்துவிடுகிறேன். அன்று அந்த நிமிடத்துக்கு நான்கு. பிளாஷ் மின்னேறும் வரை மூச்சைப் பிடித்துக் காத்திருந்து அடுத்ததை எடுக்கவேண்டும்.

என் முதலாளி போர்க்காலப் பொருளாதாரத் தடை இருந்த நாட்களிலும் கடையை மூடாதவர். மின்சாரம் இல்லை, பற்றறி தடை, பெற்றோல் தடை. ஜாம் போத்தல் விளக்கில் ஊர் படித்துக்கொண்டிருந்த அந்த ஆண்டுகளில் ஒரு கல்யாணத்துக்கு ஒரே ஒரு சுருளோடு போவாராம். அந்தப் பழக்கம் வீதி திறந்த பிறகும் அவரை விட்டுப் போகவில்லை. ஒவ்வொரு சுருளிலும் கடைசி மூன்று படத்தை மிச்சம் வைக்கச் சொல்வார். வீட்டுக்குப் புறப்படும்போது, பாயிலும் சாய்மனைக் கதிரையிலும் கிடக்கும் கிழவன் கிழவிகளைத் தேடிப் போய் அந்த மூன்றையும் எடுத்து முடிப்பார். அல்பத்தில் அவற்றை யாரும் ஒட்டச் சொல்வதில்லை. மெல்லிய கடித உறையில் போட்டு அல்பத்தின் கடைசி மட்டைக்குள் செருகிவிடுவார். நான் அதை வீண் செலவு என்றுதான் நினைத்தேன். கூலியில் ஒரு பகுதி அப்படிப் போகிறதே என்று மனதுக்குள் கணக்கும் பார்த்தேன்.

அந்த ஸ்ரூடியோவுக்குச் சோறு போட்டது கல்யாணம் இல்லை, அடையாள அட்டைப் படம். சோதனைச் சாவடிகளின் ஊரில் முகம் தெளிவாக இருப்பது உயிர்ப் பிரச்சினை. காது தெரியவேண்டும், தலைமயிர் நெற்றியில் விழக்கூடாது, சிரிக்கக்கூடாது. அதே படங்கள் சில வருடம் கழித்து வேறு முகத்தோடு திரும்பி வரும். அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் வாசலில் நிற்பார். "இதைப் பெரிதாக்கலாமா?" என்பார். பெருவிரல் நகத்தளவு படம், அதன்மேல் பிளாஸ்ரிக் உறை, சில நேரம் முத்திரையின் ஒரு விளிம்பு. அதைச் சுவரில் மாட்டும் அளவுக்கு ஆக்கவேண்டும். கண் எங்கே முடிகிறது, நிழல் எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. முதலாளி தூரிகை எடுத்து விழியில் ஒரு புள்ளி வெளிச்சம் வைப்பார். உயிர் வந்துவிட்டது என்று வந்தவர் அழுவார்.

என் அம்மம்மாவின் படமும் அப்படித்தான். 1995 ஒக்டோபர் 30 இல், இராணுவம் நெருங்கி வர, வலிகாமம் முழுவதும் எழுந்து செம்மணி வழியாகத் தென்மராட்சிக்கு நடந்தபோது எனக்குப் பதினொரு வயது. அம்மா எடுத்தவை பிறப்புச் சான்றிதழ்கள், காணி உறுதி, ஒரு பை அரிசி. கல்யாண அல்பம் அலுமாரிக்குள் இருந்தது. அடுத்த ஆண்டு திரும்பி வந்தபோது அலுமாரியே இல்லை. அல்பம் இருந்திருந்தாலும் அம்மம்மா அதில் இருந்திருக்க மாட்டார் என்பதை நான் இந்தத் தொழிலுக்கு வந்த பிறகுதான் அம்மாவிடம் கேட்டு அறிந்தேன். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் கல்யாணம் நடந்தபோது அம்மம்மா தாலியறுத்து மூன்று வருடம். குசினிக்குள்ளேயே இருந்துவிட்டாராம். எங்கள் சுவரில் இருக்கும் அம்மம்மா, அடையாள அட்டையிலிருந்து வந்த அம்மம்மா. காது தெரிகிறது. சிரிப்பில்லை. எனக்குத் தெரிந்த அம்மம்மா வாய் ஓயாமல் சிரிப்பவர்.

இவ்வளவும் தெரிந்திருந்தும் நான் ஒரு பிழை விட்டேன்.

2019 ஆவணி, கோண்டாவில் பக்கம் ஒரு கல்யாணம். முகூர்த்தம் காலை 9.40. பெண்ணின் அண்ணன் ரொறன்ரோவில். குடியுரிமைப் பத்திரம் முடியாததால் வர முடியவில்லை. அங்கே அப்போது நள்ளிரவு தாண்டிப் பத்து நிமிடம். நேரலை எங்கள் பொறுப்பு. லண்டனில் விடியற்காலை ஐந்து மணி, பாரிஸில் ஆறு. அந்த நேரத்துக்கு எழுந்து, பிள்ளைகளுக்கும் பட்டு உடுத்தி, திரைக்கு முன்னால் குத்துவிளக்கு ஏற்றி வைத்துவிட்டு உட்காரும் குடும்பங்களை நான் அறிவேன். அதனால் நேரலையை நான் எப்போதும் வேடிக்கையாக எடுத்துக்கொண்டதில்லை. அங்கிருந்து பார்ப்பவருக்கு என் லென்ஸ் ஒன்றுதான் வாசல்.

கூறை மாற்றப் பெண் போன நேரத்தில் அண்ணன் எனக்கு அழைத்தார். "அண்ணை, எல்லாரும் தெரிகிறார்கள். அம்மா எங்கே?" நான் சுற்றிப் பார்த்தேன். மண்டபத்தின் இடது பக்கம், மூன்றாவது தூணுக்குப் பின்னால், வெள்ளையில் மெல்லிய நீலக் கரை வைத்த சேலையோடு அவர் நின்றார். "கமராவைக் கொஞ்சம் அங்கே திருப்புவீர்களா?" என்றார் அண்ணன். திருப்பினேன். அந்தத் தாய்க்குத் தெரியாது தன்னைத்தான் காட்டுகிறார்கள் என்று. கையில் பூமாலை ஒன்றை வைத்துக்கொண்டு அதன் நாரைச் சரிசெய்துகொண்டிருந்தார். அதற்குள் மேளம் உயர்ந்தது, பெண் வந்துவிட்டாள். நான் திருப்பவில்லை. தொலைபேசியின் மறுமுனையில் அந்த மனிதர் ஒன்றும் பேசாமல் இருந்தார், மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. ஏறத்தாழ நாற்பது விநாடி நேரலை அந்தத் தாயிலேயே நின்றது. பிறகு திருப்பிவிட்டேன், தாலி தப்பவில்லை. ஆனாலும் மாப்பிள்ளை வீட்டாரில் ஒருவர் சாப்பாட்டுப் பந்தியில் என்னைப் பிடித்துக்கொண்டார். சுவிஸிலிருந்து பார்த்த அவரது தங்கைக்குப் பெண் மணவறைக்கு வந்தது தெரியவில்லையாம். அவருடைய கோபம் நியாயமானது. நான் பொறுத்துக்கொண்டேன்.

பிழை அதில்லை. நேரலைக் கமரா முக்காலியில் நின்றுகொண்டிருந்தது. என் கழுத்தில் நிழற்படக் கமரா தொங்கிக்கொண்டிருந்தது. அதைத் தூக்கி ஒரு படம், ஒரே ஒரு படம், அந்தத் தாயை எடுக்க எனக்குத் தோன்றவில்லை.

2021 ஆவணியில், ஊரடங்கு நேரத்தில், அவர் மாரடைப்பில் போய்விட்டார். பிள்ளைகள் யாரும் வரமுடியவில்லை. மிகச் சிலர் நின்று காரியத்தை முடித்தார்கள். சில நாளில் அண்ணன் அழைத்தார். முப்பத்தோராம் நாளுக்குக் கல்வெட்டு அடிக்கவேண்டும். இறந்தவரின் வரலாறும், உறவுகளின் புலம்பற் பாட்டும், திருமுறைப் பாடல்களும் சேர்த்து நாங்கள் அந்தியேட்டிக்கு அச்சடித்துக் கொடுக்கும் அந்தப் புத்தகத்தின் முதற்பக்கத்தில் முழுப்பக்கப் படம் போடுவது வழக்கம். "தங்கச்சியின் கல்யாணத்தில் அம்மாவை எடுத்திருப்பீர்கள்தானே?"

நான்காயிரத்துக்கும் மேற்பட்ட படங்களை இரண்டு இரவு தேடினேன். ஒரு குழுப்படத்தின் பின்னணியில், கவனம் படாத இடத்தில், அரை முகம் இருந்தது. இன்னொன்றில் சேலைக் கரை மட்டும். மிச்சம் அந்த நாற்பது விநாடி. நிழற்படக் கமராவில் எடுத்திருந்தால் ஆறாயிரத்துக்கு நான்காயிரம் புள்ளி இருந்திருக்கும். வீடியோவின் ஒரு சட்டத்தில் இருப்பது ஆயிரத்துத் தொளாயிரத்து இருபதுக்கு ஆயிரத்து எண்பது. அதற்குள் அவர் முகம் முந்நூறு புள்ளி அகலமும் வரவில்லை. கூர்மையாக்கினால் முகம் மெழுகாகிறது, ஆக்காமல் விட்டால் மங்கல். கடைசியில் மாலையின் நாரைக் குனிந்து பார்க்கும் சட்டத்தை விட்டுவிட்டு, அவர் நிமிர்ந்த ஒரு கணத்தை எடுத்து அரைப்பக்க அளவில் கொடுத்தேன். மங்கலாகத்தான் இருந்தது. அண்ணன் நன்றி சொன்னார். அவர் நன்றி சொன்னதுதான் எனக்கு இன்றும் தாங்க முடியாதது.

அதிலிருந்துதான் அந்த இருபது நிமிடம் என்னுடையதாயிற்று.

இதை ஒரு சேவை என்று நான் விலைப்பட்டியலில் போடவில்லை. போட்டால் அதற்கும் ஒரு பெயர் வைக்கவேண்டும், அந்தப் பெயரைப் பார்த்ததுமே யாரும் தம் தாயை என் முன்னால் உட்கார வைக்கமாட்டார்கள். யாரையும் கூப்பிட்டு வரிசையில் நிறுத்துவதுமில்லை. நானே போவேன். முதலில் கமராவை இறக்கி வைத்துவிட்டுத் தண்ணீர் கேட்பேன். களஞ்சிய அறைக்காரரிடம் தண்ணீர் கேட்டால் அவர் தேநீர் தருவார். தேநீர் குடித்து முடிக்கும்வரை பெண்ணைப் பற்றிக் கேட்பேன்: சின்ன வயதில் எப்படி, யாரைப்போல, என்ன சாப்பாடு பிடிக்கும். முகம் மாறும் ஒரு கணம் வரும். அப்போதும் எடுக்கமாட்டேன். "அம்மா, உங்களையும் ஒரு படம் எடுக்கட்டுமா, இங்கேயே, இந்த வாசலிலேயே" என்று கேட்டுவிட்டுத்தான் எடுப்பேன். தெரியாமல் எடுத்த படம் எவ்வளவு அழகாக வந்தாலும், ஒளிந்து நிற்கச் சொல்லப்பட்ட ஒருவரை ஒளிந்து நின்று எடுப்பது சரியென்று எனக்குப் படவில்லை. மறுத்தால் விட்டுவிடுவேன். பாதிப்பேர் முதலில் மறுப்பார்கள். "இங்கேயே" என்ற சொல்லுக்குத்தான் பலர் இணங்குகிறார்கள். சபைக்கு வரச் சொல்லவில்லை, மணவறைப் பக்கம் கூப்பிடவில்லை, அவர்கள் நிற்கும் இடத்துக்கு நான் வந்திருக்கிறேன் என்பது தெரிந்ததும் தோள் இறங்கும்.

எதிர்ப்பும் இருக்கிறது. மானிப்பாயில் ஒரு கல்யாணத்தில் பெண்ணின் பெரியப்பா என்னைத் தனியே கூட்டிக்கொண்டு போய், "தம்பி, நல்ல நாளில் இதை ஏன் கிளறுகிறீர்?" என்று கேட்டார். அவர் கெட்ட மனிதர் இல்லை. தம்பியின் குடும்பத்தைத் தாங்கி, இந்தக் கல்யாணத்தைக் கடன்பட்டு நடத்தியவர். நான் வழக்கத்தோடு சண்டைபிடிக்க வரவில்லை என்றேன். இன்னொருவர் வீட்டுக் கல்யாண நாளில் அதைச் செய்ய எனக்கு உரிமையில்லை. ஆனால் யார் மணவறையில் இருக்கலாம் என்பதற்குத்தான் வழக்கம் உண்டு, யாரைப் படம் எடுக்கலாம் என்பதற்கு இல்லை. எனக்கு என் மனதில் இருப்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்: பெற்ற தாய் மகளின் தாலியைப் பார்ப்பதால் எந்தக் குறையும் வந்துவிடாது. அவரை விலக்கி வைப்பதுதான் குறை. சில வருடங்களாக, "அம்மாதான் தாரை வார்க்கவேண்டும், இல்லாவிட்டால் கல்யாணம் வேண்டாம்" என்று நிற்கும் பெண்களைப் பார்க்கிறேன். அவர்களுக்கு வசதியாக நடுவில் இருந்து மந்திரம் சொல்லும் ஐயர்களையும் பார்க்கிறேன். அப்படியான கல்யாணங்களில் நான் முன்வரிசையை விட்டு அசைவதில்லை.

வெளிச்சத்தைப் பற்றிச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது, ஏனென்றால் பின்பக்கத்துக்கு நான் போவதற்கு அதுவும் ஒரு காரணம்.

வீட்டு முற்றத்தில் கல்யாணம் நடந்த காலத்தில் பந்தலுக்குக் கிடுகு வேய்ந்து, உட்பக்கம் வெள்ளை கட்டுவார்கள். அந்த வெள்ளைத் துணி முழுவதும் ஒரு பெரிய விளக்கு. முற்றத்து மணலில் பட்ட வெயில் மேலே எழும்பித் துணியில் பட்டு, முகங்களில் இறங்கும்போது பால்போல் ஆகிவிடும். பழைய கல்யாணப் படங்களில் எல்லாருக்கும் ஓர் அமைதி இருப்பதற்குப் பாதிக் காரணம் அதுதான். இப்போது மண்டபங்களில் மணவறைக்குப் பின்னால் ஊதாவும் பச்சையுமாக மாறிக்கொண்டிருக்கும் எல்இடி விளக்குகள். மேலே மஞ்சள். பக்கத்தில் வீடியோக்காரரின் வெள்ளை. ஓமப் புகைக்குள் இவை மூன்றும் கலந்தால் மணமகளின் ஒரு கன்னம் மஞ்சளாகவும் மற்றது கத்தரிக்காய் நிறமாகவும் வரும். தோலின் நிறத்தை மீட்பதற்கு நான் இரவு இரவாக இருந்து திருத்தியிருக்கிறேன். முடிந்தால் அந்தத் தாலி கட்டும் ஐந்து நிமிடமாவது வண்ண விளக்குகளை நிறுத்திவையுங்கள் என்று கேட்பேன். கேட்பவர்கள் மிகக் குறைவு.

வெளியே போனாலும் லேசில்லை. ஆவணி எங்களுக்குக் கல்யாண மாதம். ஓகஸ்ட் 28 ஐ ஒட்டி யாழ்ப்பாணத்துக்கு நேர் உச்சியில் சூரியன் நிற்கிறது. பகல் பன்னிரண்டே காலுக்கு முன்பின்னாக ஆளின் நிழல் ஆளின் காலடிக்குள்ளேயே அடங்கிவிடும். ஆசீர்வாதம் முடிந்து, குடும்பத்தோடு படம் எடுக்க முற்றத்துக்கு வரும் நேரம் சரியாக அதுதான். கண்குழியெல்லாம் கறுப்பு. தலைப்பாகை வைத்த மாப்பிள்ளைக்கு மூக்குவரை இருட்டு. கல்யாணத்துக்குப் பிறகு கோட்டைக்கும் பண்ணைக் கடலுக்கும் கசூரினாக் கடற்கரைக்கும் தம்பதியைக் கூட்டிக்கொண்டு போய் எடுக்கும் படங்களை மாலை ஐந்துக்குப் பிறகு வைத்துக்கொள்வதும் இதனால்தான். அவற்றைப் பற்றி எனக்கு அதிகம் சொல்ல இல்லை; அழகாக இருக்கும், எல்லாருடையதும் ஒன்றுபோல் இருக்கும்.

ஆனால் குசினி வாசல்! அகலமான கதவு, வெளியே வேம்போ மாமரமோ நிழல், உள்ளே இருட்டு. வாசற்படியில் ஒருவரை உட்காரவைத்தால் ஒரு பக்கக் கன்னத்தில் வெளிச்சம் மெல்ல ஏறி மறுபக்கத்தில் மெல்ல இறங்கும். சுருக்கம் ஒவ்வொன்றும் எழுத்துப்போல் தெரியும். பிளாஷ் வேண்டாம், குடை வேண்டாம். எண்பத்தைந்து மில்லிமீற்றர் லென்ஸ் ஒன்று போதும். சபைக்குள் இவ்வளவு செலவழித்தும் கிடைக்காத வெளிச்சம், சபைக்கு வராதவர்கள் நிற்கும் இடத்தில் சும்மா கிடக்கிறது. இதை முதன்முதலில் கவனித்த நாளில் எனக்கு வருத்தமும் சந்தோஷமும் ஒன்றாக வந்தன.

படங்கள் திரும்பி வரும் என்று சொன்னேன். கணினி வந்த பிறகு வேறு விதமாகவும் வருகின்றன. "அப்பாவை இந்தக் குடும்பப் படத்துக்குள் சேர்த்துத் தாருங்கள்" என்பார்கள். அப்பா 2009 இல் இல்லாமற்போனவர். படம் 2024 இல் எடுத்தது. முன்பு செய்து கொடுத்தேன். பட்டுவேட்டி உடுத்திய உடம்பு வேறு யாருடையதாகவோ இருக்கும், முகம் அடையாள அட்டையிலிருந்து வரும். மகளுக்குப் பக்கத்தில் மகளைவிட இளைய அப்பா நிற்பார். இப்போது அதற்குப் பதிலாக வேறொன்று கேட்கிறேன். அப்பாவின் படத்தைக் கல்யாணத்துக்குக் கொண்டுவாருங்கள், யாராவது ஒருவர் கையில் வைத்திருக்கட்டும், அப்படியே எடுக்கிறேன் என்கிறேன். படத்துக்குள் படம். அதில் பொய் இல்லை.

காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் 2017 பெப்ரவரி 20 இல் கிளிநொச்சியில் தொடர் போராட்டத்தைத் தொடங்கிய பிறகு, அங்கே சில தடவை போயிருக்கிறேன், கமரா இல்லாமல். தாய்மார் நெஞ்சோடு பிடித்திருந்த படங்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எந்தப் படம் எங்கிருந்து வந்தது என்பது என் தொழிலின் கண்ணுக்குத் தெரிந்துவிடும். இது பாடசாலை வகுப்புப் படம். இது கடவுச்சீட்டுக்கு எடுத்தது. இது ஒரு கல்யாண வீட்டுக் குழுப்படம். பக்கத்தில் நின்றவரை வெட்டியிருக்கிறார்கள், ஆனால் பையனின் தோளில் அவருடைய நான்கு விரல்கள் மட்டும் மிச்சமிருக்கின்றன. யாரோ ஒரு படப்பிடிப்பாளர், ஏதோ ஒரு கல்யாணத்தில், "கொஞ்சம் நெருங்கி நில்லுங்கள்" என்று சொல்லியிருப்பார். அதைச் சொல்லிவிட்டு அடுத்த மேசைக்குப் போயிருப்பார்.

ஆடி மாதம் கல்யாணம் இல்லை. அது எனக்குப் பெட்டகம் பார்க்கும் மாதம். ஹார்ட் டிஸ்க்குகளை ஒவ்வொன்றாக எடுத்து இயக்கி, பிரதியோடு ஒத்துப் பார்த்து, பழையதைப் புதியதற்கு மாற்றுவேன். ஒரு கல்யாணம் மூன்று இடத்தில் இருக்கவேண்டும், அதில் ஒன்று என் வீட்டில் இருக்கக்கூடாது என்பது நான் வைத்திருக்கும் விதி. 2022 இல் பதின்மூன்று மணி நேரம் மின்வெட்டு இருந்த நாட்களில், கிடைத்த கொஞ்ச மின்சாரத்தில் முதலில் செய்தது இதைத்தான். எரிபொருள் இல்லாமல் கமராப் பையைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு கல்யாணத்துக்குப் போன வருடம் அது. இந்த ஆடியில் பின்பக்கத்துப் படங்களை மட்டும் தனியே ஒரு கோப்புறையில் சேர்த்துப் பார்த்தேன். பெயர் எழுதினேன், ஊர் எழுதினேன், யாருடைய கல்யாணம் என்று எழுதினேன். பாதிக்கு மேற்பட்டவற்றை இன்னும் யாரும் கேட்கவில்லை. கேட்காதிருக்கட்டும். அவர்கள் இருக்கிறார்கள் என்றுதானே பொருள்.

கடைசியாக எடுத்தது கடந்த தை மாதம், உரும்பிராயில். பெண்ணின் அப்பம்மா. எண்பதைத் தாண்டியவர். பின்வாசலுக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்ரிக் கதிரை போட்டு, மடியில் துணியை விரித்து, வாழையிலை துடைத்துக்கொண்டிருந்தார். நான் தண்ணீர் கேட்கவில்லை, அவரே என்னைப் பார்த்துக் கேட்டார்.

"படம் பிடிக்கிற தம்பி, எங்களைப்போல் கிழடுகளையும் பிடிப்பீரோ?"

"அதற்குத்தான் ஆச்சி வந்தேன்."

இலையை வைத்துவிட்டு எழுந்து போனார். குழாயடியில் முகம் கழுவி, திருநீறு பூசி, சேலைத் தலைப்பை இழுத்துச் சரிசெய்துகொண்டு வந்து உட்கார்ந்தார். இடது கன்னத்தை என் பக்கம் திருப்பினார். "இந்தப் பக்கத்தில் மறு இருக்கிறது, தெரியட்டும். பிறகு கணினியில் போட்டு அழித்துவிடாதேயும். வெள்ளையாக்கவும் வேண்டாம்." ஐந்து படம் எடுத்தேன். கமராவின் திரையில் காட்டினேன். நீண்ட நேரம் பார்த்தார்.

"மூன்று பிரதி போட்டுத் தாரும். கனடாவுக்கு ஒன்று, பிரான்சுக்கு ஒன்று. மற்றது இங்கே அலுமாரிக்குள் இருக்கட்டும், தேவைப்படும்போது எடுப்பார்கள்."

உள்ளே மேளம் மாறியது. பெண் கூறையோடு வருகிறாள். "ஆச்சி, உள்ளே வாருங்கள், பேத்தியின் தாலியைப் பார்க்கவேண்டாமா?" என்றேன். அவர் இலைத்துணியை மறுபடியும் மடியில் விரித்தார். "நீர் போம். எனக்கு இங்கிருந்து தெரியும்."

அந்தக் கதிரைக்குப் பின்னால் போய், அவருடைய தலை மட்டத்துக்குக் குனிந்து பார்த்தேன். பின்வாசல், அதற்கப்பால் நடை, அதற்கப்பால் இரண்டு தூண்கள். இரண்டு தூண்களுக்கும் நடுவில், ஒரு சாண் அகலத்தில், மணவறையில் பெண் உட்காரும் இடம் நேராகத் தெரிந்தது. கதிரையை ஓர் அடி இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ நகர்த்தியிருந்தாலும் தெரிந்திருக்காது.

தாலி கட்டும் படத்தை அன்று முன்னால் நின்று எடுத்தவன் என் உதவியாளன். நான் அந்தக் கதிரைக்குப் பின்னால் முழந்தாளிட்டு இருந்து எடுத்தேன். கீழே ஓரத்தில் அப்பம்மாவின் நரைத்த கொண்டை மங்கலாக. இரண்டு பக்கமும் தூண்களின் இருட்டு. நடுவில், மிகச் சிறிதாக, குனிந்த ஒரு தலையும் அதற்குப் பின்னால் முடிச்சுப் போடும் இரண்டு கைகளும்.